கொல்லைக் கதவு

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் வாசலைப் பார்ப்பார்கள். ஹாலைப் பார்ப்பார்கள். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். நாலைந்து வீடு மாறி அடிபட்டவர்கள் மட்டும் நேராகப் பின்பக்கம் போய், கொல்லைக் கதவு எவ்வளவு அகலம் என்று பார்ப்பார்கள். காலி பண்ணும்போது பீரோ வெளியே வரவேண்டுமே!

கம்ப்யூட்டரில் டிசைன் பண்ணிப் பிழைக்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டால் ஆளாளுக்கு வாசலைத்தான் காட்டுகிறார்கள். இதில் நிழல் அழகாக விழும், அதில் மாப்பிள்ளை முகத்துப் பருவைத் துடைக்கலாம், இன்னொன்றில் நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தால் படமே வரைந்து தந்துவிடும். எல்லாம் சரி. அதை விட்டு வெளியே வரும் நாளில் நீங்கள் செய்த வேலை உங்களோடு வருமா, அங்கேயே தங்கிவிடுமா? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, புழக்கத்தில் இருக்கும் சில சாஃப்ட்வேர்களை இந்த வாரம் அலசுவோம்.

சம்பளத்துக்கு வேலை பார்க்கும் டிசைனருக்கு இந்தக் கவலை கிடையாது. லைசென்ஸ் முதலாளியுடையது. ஃபைலும் முதலாளியுடையது. ஐந்தரை ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். நான் சொல்வது வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை நோட்டீஸ், புத்தக அட்டை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று வந்ததையெல்லாம் செய்யும் ஃப்ரீலான்ஸ் ஆசாமியை. உங்கள் வீட்டில் பிள்ளையோ மச்சானோ அப்படி ஒருவர் இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள்.

அவர் தொழிலில் காதுக்கு ரொம்ப இனிப்பான வாக்கியம் எது தெரியுமா? ''போன வருஷம் அடிச்சோமே, அதே நோட்டீஸ்தான் சார். தேதியை மட்டும் மாத்திக் குடுத்துடுங்க.''

பழைய ஃபைல் திறந்தால் பத்து நிமிஷ வேலை. திறக்காவிட்டால் அரை நாள் வேலை, அதே கூலி. பி.காம். படித்தவன் கண்ணுக்கு அந்த ஃபைல் வெறும் ஃபைலாகத் தெரிவதில்லை. அது முதல். பேங்க்கில் போட்ட டெபாசிட் மாதிரி வருஷா வருஷம் வட்டி கொடுப்பது. பென்ஷனோ, பி.எஃப்போ இல்லாத தொழிலில் இருக்கிற ஒரே சேமிப்பு. அந்தச் சேமிப்பு யார் பெட்டியில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் சமாச்சாரம்.

ஒரு பழைய கதையிலிருந்து ஆரம்பிப்போம். பேஜ்மேக்கர் ஞாபகம் இருக்கிறதா? 1985ல் ஆல்டஸ் என்ற கம்பெனி கொண்டுவந்தது. 1994ல் அடோபி அந்தக் கம்பெனியையே வாங்கிக்கொண்டது. நம் ஊர்களில் 'டிடிபி சென்டர்' என்று போர்டு மாட்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சோறு போட்டது அதுதான். 2001ல் 7.0 வந்தது. அதுதான் கடைசி. 2004ல் 'இனி வளர்க்கப்போவதில்லை' என்று மூடிவிட்டார்கள். இன்டிசைன் என்ற தம்பி 1999லேயே பிறந்துவிட்டதால் அண்ணன் தேவைப்படவில்லை.

இதில் தப்பில்லை. வியாபாரம் என்றால் சரக்கு மாறும். ஆனால் தம்பி என்ன செய்தான் என்று பாருங்கள். 2012ல் வந்த சிஎஸ்6 வரைக்கும் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்து கொடுத்தான். அதற்குப் பிறகு வந்த இன்டிசைன்கள் அண்ணனை அடையாளமே தெரியாது என்கின்றன. ஒரே கம்பெனி, ஒரே வேலை, ஆனாலும் திறக்காது.

இதைவிட வேடிக்கை, 2014ல் 'ஆவண விடுதலைத் திட்டம்' என்று பெயர் வைத்துக்கொண்டு சில தன்னார்வலர்கள் கிளம்பினார்கள். கைவிடப்பட்ட ஃபைல் வகைகளைப் பிரித்துப் படிப்பதுதான் அவர்கள் வேலை. அவர்கள் புண்ணியத்தில் லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச சாஃப்ட்வேரின் 'டிரா' பகுதி பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கிறது. லே-அவுட் அங்கங்கே கலையும். ஆனாலும் உள்ளே இருக்கும் விஷயம் கைக்கு வரும். பெற்றவன் கைவிட்ட பிள்ளையைத் தெருவில் போகிறவன் தூக்கி வளர்த்த கதை.

அடுத்தது, அடோபியின் வாடகைத் திட்டம். 2013 மே மாதம் அவர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் இவற்றின் புதிய பதிப்புகளை இனி மொத்தமாகக் காசு கொடுத்து வாங்க முடியாது, சந்தா கட்டினால்தான் உண்டு. சிஎஸ்6தான் கடைசியாக விலைக்கு விற்றது.

வாடகை பாவமில்லை. பாதிச் சென்னை வாடகையில்தான் குடியிருக்கிறது. கணக்குப் புத்தகத்திலும் அது சௌகரியமான செலவு. மொத்தமாக முடங்காமல் மாதா மாதம் போகும். புதுப் புது வசதிகள் தானாக வந்து சேரும். ஒரு பெரிய கார்ப்பரேட்டுக்கு மாதா மாதம் வேலை செய்கிறவருக்கு அந்தச் சந்தா ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் நம் ஆசாமிக்கு வருமானம் மாதா மாதம் வருவதில்லையே! தையில் கொட்டும். ஆவணியில் கொட்டும். தேர்தல் வந்தால் தூங்க நேரம் இருக்காது. ஆடியில் ஈ ஓட்ட வேண்டும். சந்தா ஆடியிலும் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் ஃபைல் எங்கேயும் போகாது, உங்கள் ஹார்ட் டிஸ்க்கில்தான் பத்திரமாக இருக்கும். திறக்கத்தான் வழி இல்லை. அடகுக்கடை கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சொந்த நகை மாதிரி.

வெளியே வருவதும் லேசில்லை என்று அமெரிக்க அரசே சொன்னது. அங்கே வர்த்தகத்தைக் கண்காணிக்கும் எஃப்டிசி அமைப்பின் புகாரை வைத்து, 2024 ஜூனில் அடோபி மீது வழக்குப் போட்டார்கள். வருஷ ஒப்பந்தத்தை மாதத் தவணையில் கட்டுகிறவர் நடுவில் விலகினால் பிடிக்கும் தொகையைச் சரியாகச் சொல்லாமல் மறைக்கிறது, சந்தாவை ரத்து பண்ணும் வழியைச் சுற்றிச் சுற்றி வைத்திருக்கிறது என்பது குற்றச்சாட்டு. அடோபி அதை மறுத்தது. நமக்கு வேண்டியது வழக்கின் நியாயம் அல்ல. கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டிய பக்கம் எது என்பதுதான்.

இன்னும் இரண்டு சம்பவங்கள். 2019 அக்டோபரில் வெனிசுவேலா நாட்டு டிசைனர்களுக்கு அடோபி ஒரு தகவல் சொன்னது. அமெரிக்க அதிபரின் தடை உத்தரவு காரணமாக உங்கள் கணக்குகள் மூடப்படும். அதாவது, இரண்டு நாட்டு அரசாங்கங்கள் சண்டை போட்டதில், எவனோ ஒருவன் வரைந்துகொண்டிருந்த பிஸ்கட் பாக்கெட் நின்றுபோகும் நிலை. கடைசி நேரத்தில் அமெரிக்க அரசிடம் அனுமதி கிடைத்து அறிவிப்பை வாபஸ் வாங்கினார்கள். தப்பித்தார்கள். ஆனால் சாவி எங்கே தொங்குகிறது என்று எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

2022ல் நடந்தது இன்னும் சுவாரசியம். பான்டோன் என்ற கம்பெனி வண்ணங்களுக்கு நம்பர் கொடுத்து வைத்திருக்கிறது. 'இந்த நம்பர் சிவப்பு' என்றால் எந்த ஊர் பிரஸ்ஸிலும் அதே சிவப்பு வரும். அந்தக் கம்பெனிக்கும் அடோபிக்கும் ஒப்பந்தத் தகராறு. விளைவு, பான்டோன் வண்ணம் வைத்த பழைய ஃபோட்டோஷாப் ஃபைல்களைத் திறந்தபோது அந்த இடங்கள் கறுப்பாகத் தெரிந்தன. வண்ணம் திரும்ப வேண்டுமா? பான்டோனுக்குத் தனிச் சந்தா கட்டுங்கள் என்றார்கள். சொந்த வீட்டுச் சுவருக்குப் பெயின்ட்காரர் மாதா மாதம் வந்து காசு கேட்பதை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நியாயம் சொல்லவேண்டும். படத்தைத் திருத்தும் வேலையில் ஃபோட்டோஷாப்புக்கு நிகர் இன்றைக்கும் இல்லை. வாசல் பிரமாதம். ஹால் பிரமாதம். இன்னொன்று, பிடிஎஃப் என்ற வகையை 1993ல் உலகத்துக்குக் கொடுத்ததே அடோபிதான். 2008ல் அதைச் சர்வதேசத் தரமாக்கித் தன் பிடியிலிருந்து விட்டும் கொடுத்தார்கள். கொல்லைக் கதவைச் செய்த தச்சரும் அவர்களே. நாம்தான் அதைத் திறந்து வைத்துக்கொள்வதில்லை.

இனி நம் ஊர் செல்லப் பிள்ளை, கோரல் டிரா. கனடாவில் 1989ல் பிறந்து, இங்கே ஃப்ளெக்ஸ் கடைகளையும் பத்திரிகைக் கடைகளையும் ஆண்டுகொண்டிருக்கிறது. கற்பது சுலபம். கை வேகமாக ஓடும். ஒரே பக்கத்தில் படமும் எழுத்தும் கட்டமும் போட்டு முடித்துவிடலாம். கொல்லைக் கதவு? ''எங்ககிட்ட பழைய வெர்ஷன்தான் சார், லெவன்ல சேவ் பண்ணி அனுப்புங்க'' என்ற வசனத்தைக் கேட்காத டிசைனர் உண்டா? புதியதில் சேமித்தது பழையதில் திறக்காது. கீழிறக்கிச் சேமித்தால் சில வேலைப்பாடுகள் காணாமல் போகும்.

அதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த வைத்தியம்தான் கன்ட்ரோல் க்யூ. எழுத்தையெல்லாம் கர்வ்ஸ் ஆக்கிவிடுவது. பிரஸ்ஸில் ஃபாண்ட் இல்லாவிட்டாலும் அச்சாகும். சரிதான். ஆனால் கர்வ்ஸ் ஆன எழுத்து எழுத்தே இல்லை, எழுத்தின் படம். அடுத்த வருஷம் 'தேதி மட்டும் மாத்துங்க' என்று வரும்போது மாற்றுவதற்கு அங்கே தேதி இருக்காது, கோடுகள்தான் இருக்கும். கர்வ்ஸ் ஆக்காத பிரதி ஒன்று தனியாக வைத்திருந்தால் பிழைத்தீர்கள்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் கூடுதல் கிரகம் ஒன்று உண்டு, ஃபாண்ட். பாமினி போன்ற பழைய ஃபாண்ட்டுகள் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் போட்டவை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே உட்கார்ந்திருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஃபாண்ட் போனால் வேஷம் கலைந்துவிடும். பத்து வருஷ ஃபைலைத் திறந்தால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஏதோ மந்திரம் மாதிரி தெரியும். போதாக்குறைக்கு, டைப் ஒன் என்ற பழைய ஃபாண்ட் வகையை 2023 ஜனவரியில் அடோபி தன் சாஃப்ட்வேர்களிலிருந்து விலக்கியது. அந்த வகையை 1984ல் கொண்டுவந்தவர்களும் அவர்களேதான்.

இதற்கு மருந்து யூனிகோட். 2010லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. பழைய ஃபாண்ட்டில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்ற நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாதிரி சின்னச் சின்ன இலவசக் கருவிகள் உண்டு. அச்சுக்கு அழகான யூனிகோட் ஃபாண்ட் இல்லை என்று இன்னும் சிலர் சாக்குச் சொல்கிறார்கள். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான், மும்பை ஏக் டைப் குழுவின் முக்தா மலர், பலூ தம்பி இதையெல்லாம் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். அத்தனையும் இலவசம். காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் பயன்படுத்தலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது.

யூனிகோட் வந்ததும் வேறொரு பரீட்சை வந்தது. சாஃப்ட்வேருக்குத் தமிழ் கோர்க்கத் தெரியவேண்டும். 'கெ' என்று அடித்தால் கொம்பு முன்னால் வந்து உட்காரவேண்டும். அஃபினிட்டி என்று ஒரு சாஃப்ட்வேர் 2014ல் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஒரே தடவை காசு, சந்தா இல்லை என்று சொல்லி டிசைனர்கள் மனதைக் கொள்ளையடித்தது. உண்மையிலேயே நல்ல சரக்கு. ஆனால் அதன் முதல் இரண்டு பதிப்புகளுக்கும் இந்திய எழுத்துக்களைக் கோர்க்கத் தெரியவில்லை. கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம்.

2024ல் அந்தக் கம்பெனியை ஆஸ்திரேலியாவின் கேன்வா வாங்கியது. 2025 அக்டோபரில் மூன்று சாஃப்ட்வேரையும் ஒன்றாக்கி, இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். கேன்வாவில் ஒரு கணக்கு இருந்தால் போதும். சந்தோஷம்தான். விருந்துச் சாப்பாட்டைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் விருந்து எத்தனை நாள் என்று தீர்மானிப்பது விருந்தாளி இல்லை. தாராளமாகச் சாப்பிடுங்கள். அதை நம்பி வீட்டு அடுப்பை விற்றுவிடாதீர்கள். அப்புறம், உட்காரும் முன் 'கொக்கு', 'செங்கோல்', 'சௌக்கியம்' மூன்றையும் அடித்துப் பாருங்கள். எந்த சாஃப்ட்வேருக்கும் இது என்னுடைய நுழைவுத் தேர்வு.

இந்தத் தேர்வில் பளிச்சென்று பாஸ் பண்ணுவது இங்க்ஸ்கேப். 2003லிருந்து தன்னார்வலர்கள் வளர்த்து வரும் இலவச சாஃப்ட்வேர். தமிழை ஒழுங்காகக் கோர்க்கும். சேமிப்பது எஸ்விஜி என்ற பொது வகையில். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், எந்தக் கம்பெனியும் பூட்ட முடியாது. கொல்லைப்பக்கம் கதவு என்ன, சுவரே கிடையாது. கோரல் ஃபைல்களைக்கூட ஓரளவுக்குத் திறக்கும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆஃப்செட் அச்சுக்கு நான்கு மை கணக்கு வேண்டும். இங்க்ஸ்கேப் யோசிப்பது திரையின் சிவப்பு-பச்சை-நீலத்தில். அதிலிருந்து நேராகப் பிரஸ்ஸுக்கு அனுப்பினால் கறுப்பு எழுத்து நான்கு மையிலும் பிரிந்து உட்காரும் ஆபத்து உண்டு. பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்குப் பக்கத்தில் பேய் நிழல் தெரியும். லோகோவுக்கு, விளக்கப்படத்துக்கு இங்க்ஸ்கேப் அருமை. அச்சு ஃபைலை வேறிடத்தில் தயார் பண்ணுங்கள்.

அந்த வேறிடம் ஸ்கிரைபஸ். புத்தகம், மலர், நோட்டீஸ் லே-அவுட்டுக்கானது. நான்கு மையும் தெரியும், பிரஸ் கேட்கும் பிடிஎஃப்பும் தரும். இதன் 1.4 வரிசையில் தமிழ் உடைந்துதான் வந்தது. 2024ல் வந்த 1.6 நிலைப்பதிப்பில் சரியாகிவிட்டது. முகம் கொஞ்சம் கடுகடு. இன்டிசைனில் ஒரே தட்டில் முடிவதற்கு இங்கே நாலு தட்டு. பழகும்வரை திட்டிக்கொண்டே வேலை செய்வீர்கள்.

மூன்றாவது கிம்ப். ஃபோட்டோஷாப்புக்கு ஏழைப் பங்காளன். 1996லிருந்து இருக்கிறது. வருஷக்கணக்கில் ஜவ்வாக இழுத்து, 2025 மார்ச்சில் 3.0 வந்தது. போட்ட எஃபெக்டைப் பின்னால் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி இப்போதுதான் கிடைத்திருக்கிறது. ஃபோட்டோஷாப் ஆட்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆடி மாதத்திலும் திறக்கிறது.

'இலவசம்' என்ற வார்த்தையிலும் ஒரு கண் வையுங்கள். இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் சாஃப்ட்வேர் 1996லிருந்து பிரசித்தம். நூறு படங்களை ஒரே அடியில் சின்னதாக்கும். ஆனால் வீட்டு உபயோகத்துக்குத்தான் இலவசம், தொழிலுக்கு என்றால் காசு கட்டிப் பதிவு செய்யவேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பல ஃபாண்ட்டுகளும் இதே ஜாதி. ஓசியில் இறக்கிய ஃபாண்ட்டை வாடிக்கையாளர் பெயர்ப்பலகையில் வைத்துவிட்டு, பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தால் கஷ்டம் வாடிக்கையாளருக்கு, கெட்ட பெயர் உங்களுக்கு.

'எதற்கு சார் இந்த வம்பெல்லாம், எல்லாம் ஃப்ரீயாகக் கிடைக்குதே' என்று ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் கை காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்புரிமைச் சட்டம் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே சாஃப்ட்வேரைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருஷம் ஜெயில். அபராதம் 50,000லிருந்து 2 லட்சம் ரூபாய் வரை. சொந்த டிசைனை அடுத்தவன் திருடினால் கொதிக்கும் தொழிலில் இருந்துகொண்டு, கருவியைத் திருடலாமா என்ற கேள்வியை உங்கள் மனசாட்சிக்கு விடுகிறேன். நடைமுறைக் காரணம் ஒன்று போதும். திருட்டுச் சாவியால் திறந்த வீட்டுக்குக் கொல்லைக் கதவே கிடையாது. நாளைக்கு அது திறக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

சரி, கடைசியில் என்னதான் பண்ணச் சொல்கிறாய் என்கிறீர்களா? அடோபி கட்டுப்படியானால் கட்டுங்கள். கோரல் கைக்குப் பழகியிருந்தால் அதிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும், பில் போடும் முன்பு, ஐந்து நிமிஷம் ஒதுக்கி நான்கு காரியம் பண்ணுங்கள். எழுத்து எழுத்தாகவே இருக்கும் மூல ஃபைல் ஒன்று. பிடிஎஃப் ஒன்று, படம் என்றால் எஸ்விஜியும் சேர்த்து. அந்த வேலையில் வந்த வாசகங்கள் யூனிகோடில், வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக. கூடவே பயன்படுத்திய ஃபாண்ட்டுகளும் படங்களும், அதனதன் உரிமத்தோடு. எல்லாவற்றையும் வாடிக்கையாளர் பெயர், வருஷம் போட்டு ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

அந்த ஃபோல்டருக்குப் பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய 3-2-1 கணக்கு. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. மாமனார் வீட்டு பீரோவில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தாலும் போதும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன பரீட்சை எழுதிப் பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய வேலை ஒன்றைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, உங்கள் சாஃப்ட்வேர் எதுவும் இல்லாத பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகுங்கள். அங்கே எதைப் படிக்க முடிகிறதோ, எதை மாற்ற முடிகிறதோ, அதுதான் நிஜமாக உங்களுடையது. மிச்சத்துக்கு நீங்கள் குடித்தனக்காரர்.